ஓராண்டை ஒரு பக்கத்தில் எழுதுவது எப்படி: வேல்ஸ் 2019, தருமபுரி – கிருஷ்ணகிரி 2019

நடுகல் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை புதிதாக இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பல்லவர் கால நடுகல்லில் முதலில் அரசன் பெயரும் அவனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் வரும். அடுத்து ஊர். அடுத்து ஆள். கடைசியில், தொறு (கால்நடை மந்தை) மீட்கப் போய்ப் பட்டான் என்று ஒரு வரி. அவன் எவ்வளவு நல்லவன், எத்தனை பேர் அழுதார்கள் என்பதெல்லாம் கல்லில் இருக்காது. ஆண்டுப் பக்கத்தில் ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் அந்தக் கல்லைத்தான் காட்ட வேண்டும்: தேதி, இடம், யார், என்ன.

வேல்ஸ் நாட்டுக்கு இணையத்தில் ஆண்டுக்கு ஒரு பக்கம் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. பதவியில் இருந்தவர்கள், நிகழ்வுகள், கலை இலக்கியம், விளையாட்டு, பிறப்பு, இறப்பு என்று அதே வரிசை ஆண்டுதோறும் திரும்ப வரும். சின்ன நாடு, பக்கத்தில் பெரிய நாடு, தனி மொழி, எல்லை தாண்டிப் பிழைக்கப் போகும் மக்கள். பெங்களூருக்கு தினமும் வேலைக்குப் போய்வரும் ஓசூர்க்காரருக்கு இது எதுவும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் நம் இரண்டு மாவட்டங்களுக்கு ஆண்டுப் பக்கம் எழுத வேல்ஸ் நல்ல மாதிரி. இங்கே 2019-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சிக்கல் நிறைந்த ஆண்டு அது; அந்த ஆண்டை ஒழுங்காக எழுதிவிட்டால் வேறு எந்த ஆண்டும் பயமுறுத்தாது.

எல்லை

சம்பவம் சேர்க்கத் தொடங்கும் முன் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு விதிகளை எழுதி ஒட்டிவிடுங்கள். எது நம் ஊர், எது இந்த ஆண்டு. இவை இல்லாமல் தொடங்கினால் மார்ச் மாதத்தில் ஒரு விதியும் அக்டோபரில் வேறொரு விதியுமாக எழுதி முடிப்பீர்கள்.

ஊர் விதியில் பலர் சறுக்குவது மாவட்டப் பிரிப்பில். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தபோது அது சேலம் மாவட்டம். 'கிருஷ்ணகிரி மாவட்டம் தொரப்பள்ளியில் பிறந்தார்' என்று எழுதினால் இல்லாத மாவட்டத்தில் பிறக்க வைத்தது போல ஆகும். 'தொரப்பள்ளி (அன்று சேலம் மாவட்டம்)' என்று எழுதுங்கள். சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டுக்காரர்; 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் இறந்தார். அவர் நம் 1925 பக்கத்தின் இறப்புப் பகுதிக்கு உரியவர், 1884 பக்கத்தின் பிறப்புப் பகுதிக்கு அல்ல. ராஜாஜிக்கு நேர் எதிர்: பிறப்பு நமக்கு, 1972-இல் சென்னையில் நடந்த மறைவு 'வெளியில் இறந்த நம் ஊரார்' என்ற துணைத் தலைப்புக்கு.

அக்கம்பக்கத்து ஆசையையும் அடக்க வேண்டும். கிரிக்கெட் வீரர் நடராஜன், பாராலிம்பிக் தங்கம் வென்ற மாரியப்பன் இருவரும் சேலம் மாவட்டத்துக்காரர்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் என்பதற்காக நம் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது.

வேல்ஸ் பக்கத்திலும் இதே தலைவலி உண்டு. வெல்ஷ் மொழிக் கவிதைக்கு அந்த நாட்டின் மிகப்பெரிய திருவிழா தேசிய ஐஸ்தெத்வோத். 1917-இல் அது நடந்தது இங்கிலாந்தில் உள்ள பர்க்கன்ஹெட்டில். அந்த ஆண்டு மரபுக் கவிதைக்கான பரிசாகிய நாற்காலியை வென்ற ஹெத் வின் என்ற கவிஞர், அறிவிப்புக்கு ஐந்து வாரம் முன்பே, ஜூலை 31 அன்று பெல்ஜியப் போர்முனையில் இறந்திருந்தார். இடமும் வெளியே, இறப்பும் வெளியே. ஆனாலும் வேல்ஸின் 1917 பக்கத்தில் இதைவிட முக்கியமான பதிவு அரிது. எனவே ஊர் விதியை 'நடந்த இடம்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'நடந்த இடம் இங்கே, அல்லது நிறுவனம் இங்கே, அல்லது ஆள் இந்த ஊர்' என்று மூன்று வாசல் வையுங்கள். ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் அது எந்த வாசல் வழியாக வந்தது என்று 1, 2, 3 குறித்துவிடுங்கள். 2019 ஜனவரி 21 அன்று ஆங்கிலக் கால்வாயில் விமானம் விழுந்து இறந்த அர்ஜென்டினாக்காரர் எமிலியானோ சாலா, வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கால்பந்துக் கழகத்துக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் அந்தக் கழகம் வாங்கிய வீரர். வாசல் 2. விவாதம் முடிந்தது.

பதவிப் பட்டியல்

நிகழ்வுகளுக்கு முன் இதைச் செய்யுங்கள். சுவையில்லாத வேலைதான், ஆனால் நிகழ்வுப் பகுதியில் வரும் பெயர்களில் பாதி இங்கே இருந்துதான் வரும். இங்கே தவறினால் பக்கம் முழுக்கத் தவறும்.

'2019 – இன்னார்' என்று ஒரே வரியில் முடிப்பதுதான் பொதுவான பிழை. வேல்ஸில் பிரெக்கன் – ராட்னர்ஷயர் என்ற ஒரு பிரிட்டன் நாடாளுமன்றத் தொகுதியைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் கிறிஸ் டேவிஸ் உறுப்பினர். வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு அவரைத் திரும்ப அழைத்ததால் ஜூன் 21 அன்று இடம் காலி. ஆகஸ்ட் 1 இடைத்தேர்தலில் ஜேன் டாட்ஸ். டிசம்பர் 12 பொதுத்தேர்தலில் ஃபே ஜோன்ஸ். ஒரே ஆண்டு, ஒரே இருக்கை, மூன்று பேர், நடுவில் காலி நாட்கள். பிரிட்டன் அரசில் வேல்ஸுக்கான அமைச்சர் ஆலன் கெய்ர்ன்ஸ் நவம்பர் 6 அன்று விலகினார். சைமன் ஹார்ட் வந்தது டிசம்பர் 16. இடையில் யாரும் இல்லை. அந்த நாற்பது நாட்களை இரண்டு பேரில் ஒருவர் கணக்கில் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். 'காலி' என்பதும் ஒரு தகவல்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என 5 சட்டமன்றத் தொகுதிகள். கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என 6. இந்தப் பதினொன்றில் மூன்று, அதாவது அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஓசூர், 2019 தொடங்கிய சில நாட்களில் உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. முதல் இரண்டும் 2017 செப்டம்பர் 18 தகுதி நீக்கத்தால் காலியானவை. ஓசூர் 2019 ஜனவரியில் காலியானது. ஆக 2018 பக்கம் எழுதும்போது அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் ஆண்டு முழுவதும் 'காலி' என்று வர வேண்டும். பழைய உறுப்பினர் பெயரை அப்படியே இழுத்துக்கொண்டு வருபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்.

இன்னொரு பொறி: தருமபுரி மக்களவைத் தொகுதியும் தருமபுரி மாவட்டமும் ஒன்றல்ல. மேட்டூர் சட்டமன்றத் தொகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் தருமபுரி மக்களவைத் தொகுதியில் சேர்ந்தது. 'மாவட்ட மக்கள் அளித்த வாக்கு' என்று மொத்த எண்ணைப் போட்டால் மேட்டூர்க்காரர் ஓட்டும் அதில் கலந்திருக்கும். மாவட்டக் கணக்கு வேண்டுமானால் தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20-ஐ எடுத்து, சட்டமன்றப் பகுதிவாரியாகக் கூட்டி, மேட்டூரைக் கழியுங்கள். கிருஷ்ணகிரியில் இந்த வம்பு இல்லை, ஆறு தொகுதியும் உள்மாவட்டம்.

ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் பட்டியலுக்கு அலுவலகத்தில் தொங்கும் பெயர்ப் பலகை கைகொடுக்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பலகையில் பெரும்பாலும் பொறுப்பு வகித்தவர் பெயர் இருக்காது. ஒருவர் போன தேதிக்கும் அடுத்தவர் வந்த தேதிக்கும் இடைவெளி தெரிந்தால் அங்கே ஒரு 'பொறுப்பு' ஒளிந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு நாளிதழில் தேடுங்கள். மாற்றல் ஆணை வந்த நாள் வேறு, பொறுப்பேற்ற நாள் வேறு. பட்டியலில் வர வேண்டியது பொறுப்பேற்ற நாள்.

பதவியின் பெயரும் அமைப்பின் பெயரும் அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே. வேல்ஸின் சட்டமன்றம் 'செனெத்' என்ற பெயரைப் பெற்றது 2020 மே 6. 2019 பக்கத்தில் அது தேசியப் பேரவைதான். இன்னும் பின்னால் போனால், 1999-இல் பேரவை தொடங்கியபோது அங்கே ஆட்சித் தலைவர் 'முதல் செயலாளர்'. 'முதலமைச்சர்' என்ற சொல் 2000-இல்தான் வந்தது. ஓசூரும் இப்படித்தான்: 2019 பிப்ரவரியில் மாநகராட்சி ஆனது. ஜனவரிப் பதிவில் நகராட்சி, ஏப்ரல் பதிவில் மாநகராட்சி என்று ஒரே பக்கத்தில் இரண்டு பெயரும் வரும். வாசகர் பிழை என்று நினைக்கக்கூடும். பிப்ரவரிப் பதிவு நடுவில் நின்று பதில் சொல்லும்.

தேதி: பிழையில் முக்கால்வாசி இங்கேதான்

காலை நாளிதழின் 'நேற்று' என்பது இதழ்த் தேதிக்கு முந்தைய நாள். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நூறு இதழ் புரட்டிய களைப்பில் இதழ்த் தேதியையே எழுதிவிடுவோம். அதனால் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: 'இதழ்த் தேதி', 'நடந்த தேதி'. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. மாலை இதழில் பெரும்பாலும் 'இன்று' என்று வரும். எந்த இதழ் என்பதையும் குறியுங்கள்.

பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளியை ஒட்டி நாளிதழ் வெளிவராத நாட்கள் உண்டு. பொங்கல் நேரத்தில்தான் எருது விடும் விழாக்கள் வரிசை கட்டும். அதாவது நமக்கு மிகவும் தேவையான நாட்களில் இதழ் இருக்காது, அடுத்து வரும் இதழில் மூன்று நாள் செய்தி ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். அந்த வாரத்துக்கு மட்டும் ஊர்ப் பெயரை வைத்து விழாக்குழுவின் நோட்டீஸைத் தேடிப் பிடியுங்கள்.

தேர்தல் என்றால் ஒரே தேதி என்று நினைக்க வேண்டாம். 2019 மக்களவைத் தேர்தலுக்கும், அதோடு சேர்ந்து அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஓசூர் இடைத்தேர்தல்களுக்கும் வாக்குப்பதிவு ஏப்ரல் 18. பாப்பிரெட்டிப்பட்டி பகுதியில் 8 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு மே 19. எண்ணிக்கை மே 23. மூன்று தேதி, மூன்று பதிவு. 'ஏப்ரல்–மே: தேர்தல் நடந்தது' என்று சுருட்டினால் மறுவாக்குப்பதிவு காணாமல் போகும். இந்த மாவட்டத்துக்கு அந்த ஆண்டின் தேர்தலில் தனித்து நின்ற செய்தியே அதுதான்.

ஆண்டுக் கடைசியில் இன்னொன்று. இப்படி எழுதியிருந்தால் தவறு:

டிசம்பர் – ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிவுகள் வெளியாயின.

இப்படி எழுத வேண்டும்:

டிசம்பர் 27, 30 – ஊரக உள்ளாட்சித் தேர்தல், இரண்டு கட்ட வாக்குப்பதிவு. (எண்ணிக்கை 2020 ஜனவரி 2, அந்த ஆண்டுப் பக்கம் காண்க.)

வென்றவர் பெயர் 2019 பக்கத்தில் வரவே கூடாது. பதவிப் பட்டியலிலும் அவர்கள் 2020-இல்தான் நுழைவார்கள். வேல்ஸ் பக்கத்தில் இதற்கு ஒத்த பொறி கால்பந்தில் இருக்கிறது: 2019 நவம்பர் 19 அன்று ஹங்கேரியை 2–0 என்று வென்று வேல்ஸ் 'யூரோ 2020'-க்குத் தகுதி பெற்றது, இரண்டு கோலும் ஆரோன் ராம்சே. போட்டி நடந்ததோ 2021-இல், பெயரை மாற்றாமல். பெயரில் உள்ள எண்ணைப் பார்த்து ஆண்டைத் தீர்மானித்தால் எந்தப் பதிவும் தன் இடத்தில் இருக்காது. '2018–19 பருவம்', '2018–19 கல்வியாண்டு' என்று வருபவற்றுக்கு ஒரே விதி: முடிவு தெரிந்த தேதி எந்த ஆண்டோ அந்தப் பக்கம்.

தமிழ் ஆண்டோடும் மோத வேண்டியிருக்கும். 2019 ஏப்ரல் 14-க்கு முன் விளம்பி, பிறகு விகாரி. கோயில் அழைப்பிதழில் 'விகாரி வருடம் மாசி மாதம்' என்று இருந்தால் அது 2020. ஆண்டுப் பெயரைப் பார்த்து 2019 கோப்பில் போட்டுவிடாதீர்கள்.

கணினியில் ஏற்றும்போது எக்செல் தன் பங்குக்கு ஒரு வேலை செய்யும். 3/8/2019 என்று அடித்தால், கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும்பட்சத்தில், ஆகஸ்ட் 3 மார்ச் 8 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் தப்பிக்கும், அதனால் சட்டென்று கண்ணில் படாது. இரண்டு காப்பு: தேதியை 2019-08-03 என்ற வரிசையில் அடியுங்கள், பக்கத்திலேயே கிழமைக்கு ஒரு பத்தி வையுங்கள். ஆடிப்பெருக்கு அன்று சனிக்கிழமை என்று நோட்டில் இருந்து, கணினி வெள்ளி என்று காட்டினால் தேதி புரண்டுவிட்டது என்று அர்த்தம். கிழமையை நாளிதழிலிருந்து கையால் எழுத வேண்டும். கணினியே கணக்கிட்டுத் தருவதை நம்பினால் காப்பு வேலை செய்யாது.

கலை: விடிய விடிய நடப்பதை எந்தத் தேதியில் எழுதுவது?

வேல்ஸ்காரர்களுக்கு இந்தப் பகுதி சுலபம். ஐஸ்தெத்வோத் ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு வருடம் வடக்கே, ஒரு வருடம் தெற்கே. வாரத்துக்குள் கிழமையும் நிலையானது: திங்களன்று புதுக்கவிதைக்குக் கிரீடம், புதனன்று உரைநடைப் பதக்கம், வெள்ளியன்று மரபுக் கவிதைக்கு நாற்காலி. 2019-இல் இடம் லான்ரூஸ்ட். கிரீடம் கிட்டோ தாவித், உரைநடைப் பதக்கம் ரியானன் ஈவன்ஸ், நாற்காலி டி. ஜேம்ஸ் ஜோன்ஸ். கடைசியில் உள்ளவரைக் கவிஞர் உலகில் ஜிம் பார்க் நெஸ்ட் என்றுதான் அழைப்பார்கள். போதாக்குறைக்குப் போட்டிக்கு அனுப்பும்போது எல்லோரும் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும், மேடையில் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்த பிறகுதான் ஆள் எழுந்து நிற்பார். ஆக ஒருவருக்கு மூன்று பெயர். பதிவில் இயற்பெயர் முதலில், வழங்கு பெயர் அடுத்து, போட்டிப் பெயர் தேவைப்பட்டால் மட்டும். எந்தக் கவிதையும் தரத்துக்கு வரவில்லை என்று நடுவர்கள் முடிவு செய்தால் நாற்காலி காலியாகவே போகும். 2013-இல் டென்பியில் அப்படிப் போனது. அந்த வரியை விட்டுவிடக் கூடாது, 'தகுதியானவர் இல்லை' என்று எழுத வேண்டும்.

நமக்கு அப்படி ஒரே மேடை இல்லை. நம் கலையின் பெரும்பகுதி கூத்து, அதுவும் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை ஒட்டி ஊர் ஊராக நடப்பது. இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலை முடியும் கூத்துக்குத் தேதி எது? தொடங்கிய இரவின் தேதி. இதை மாற்றாதீர்கள். நோட்டீஸில் 'வெள்ளி இரவு' என்று இருப்பதும், வேடம் கலைத்த கலைஞர் 'சனிக்கிழமை ஆடினோம்' என்று சொல்வதும் ஒரே கூத்துதான்; விதி இல்லாவிட்டால் இரண்டு கூத்தாக எண்ணிவிடுவீர்கள்.

ஒவ்வொரு பதிவிலும் ஊர், கோயில், ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயர், வாத்தியார், அன்றைய கூத்து, எத்தனையாவது இரவு என்று ஆறு விவரம் இருக்கட்டும். நோட்டீஸ் நல்ல ஆதாரம்தான், ஆனால் அது நடக்கப் போவதைச் சொல்வது. மழை வந்து படுகளம் (துரியோதனன் வீழும் நிகழ்வு) ஒருநாள் தள்ளிப் போயிருக்கலாம், ஊரில் சாவு விழுந்து கூத்து நின்றிருக்கலாம். நோட்டீஸை வைத்து எழுதியதை பென்சிலால் எழுதுங்கள். பார்த்தவர் ஒருவரிடம் கேட்டு உறுதியானதும் பேனாவால் எழுதுங்கள்.

எல்லாக் கூத்தையும் பக்கத்தில் ஏற்ற முடியாது, வேண்டியதும் இல்லை. நோட்டில் எல்லாம் இருக்கட்டும். பக்கத்துக்குப் போக வேண்டியவை பல ஆண்டு நின்று மறுபடி தொடங்கியது, கடைசியாக நடந்தது, புதிய கூத்து முதன்முறை ஏறியது, விருது பெற்ற கலைஞர். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழா போன்ற ஆண்டு விழாக்களுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் போதும். 'இத்தனையாவது கண்காட்சி' என்ற எண்ணை நாளிதழ்த் தலைப்பிலிருந்து எடுக்காதீர்கள். முந்தைய ஆண்டு எண்ணோடு ஒன்றைக் கூட்டிச் சரிபாருங்கள். நடத்தாமல் விட்ட ஆண்டுகள் கணக்கைக் குழப்பும்.

வெல்ஷ்ப் பெயரைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு சொல். அங்கே ஒற்றை 'எஃப்' எழுத்துக்கு 'வ' ஒலி. அதனால்தான் மேலே ஈவன்ஸ். லான்ரூஸ்டின் முதல் ஒலிக்கு நம்மிடம் எழுத்தே இல்லை. எப்படி எழுதினாலும் பாதிதான் சரி. ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டு பக்கம் முழுக்க அதையே எழுதுங்கள். தேன்கனிக்கோட்டையை மூன்று விதமாக எழுதும் நாளிதழ்கள் நமக்கு இந்தப் பாடத்தை ஏற்கெனவே நடத்தியிருக்கின்றன.

விளையாட்டுக்கு நான்கு பெட்டி

முதல் பெட்டி, ஊர்ப் பெயரில் ஆடிய அணி. 2019 மார்ச் 16 அன்று கார்டிஃபில் அயர்லாந்தை 25–7 என்று வென்று வேல்ஸ் ரக்பி அணி ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்து முடித்தது. அக்டோபர் 27 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 19–16 தோல்வி. இரண்டும் இந்தப் பெட்டி. இரண்டாவது, ஊர்க் கழகம் வெளி லீக்கில் ஆடுவது: கார்டிஃப், ஸ்வான்சி கால்பந்துக் கழகங்கள் இங்கிலாந்து லீக்கில் ஆடுகின்றன. மூன்றாவது, ஊர்க்காரர் வேறு அணியில்: அந்த ஆண்டு தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த கெரைன்ட் தாமஸ். நான்காவது, வெளியூரார் நம் மைதானத்தில் ஆடியது. இந்தப் பெட்டி நமக்குப் பழகிய பெயர்களோடு வரும்: 2019 மே 28, கார்டிஃப், உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி ஆட்டம், இந்தியா – வங்கதேசம். தோனி 113, ராகுல் 108. பயிற்சி ஆட்டம் என்பதால் ஒருநாள் போட்டிக் கணக்கில் இது சேராது. வேல்ஸ் பக்கத்தில் சேர்க்கலாமா? சேர்க்கலாம், 'பயிற்சி ஆட்டம்' என்ற சொல்லோடு.

நமக்கும் இதே நான்கு போதும்: மாவட்ட அணி மாநிலக் கபடியில், ஓசூர்க் கழகம் பெங்களூர் லீக்கில், நம் ஊர்ப் பிள்ளை தமிழ்நாட்டு அணியில், மாவட்ட விளையாட்டரங்கில் நடந்த மாநிலப் போட்டி. பெட்டி பிரிக்காவிட்டால் 'நம்ம ஊர் சாம்பியன்' என்று யாரோ வென்ற கோப்பை நம் கணக்கில் ஏறும். ஸ்கோர் எழுதும்போது வென்றவர் எண் முதலில். கூடுதல் நேரம், டைபிரேக்கர் இருந்தால் தனியாக.

எருது விடும் விழாவுக்கு வேறு படிவம். கிருஷ்ணகிரிப் பக்கம் இது காளையை அடக்கும் ஆட்டமல்ல, குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் ஓட்டம். எனவே ஊர், தேதி, தூரம், வென்ற நேரம், ஓடிய எருதுகளின் எண்ணிக்கை. நேரத்தைப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் அறிவித்தார்களோ அத்தனை எழுதுங்கள், சுற்றாதீர்கள். முதல் பரிசும் இரண்டாம் பரிசும் அந்தக் கடைசி இலக்கத்தில்தான் பிரியும். எருதின் பெயரை எழுதலாம். உரிமையாளர் தனிநபர், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வேல்ஸ் பக்கத்தில் இல்லாத ஒரு பகுதி

தண்ணீருக்கு அங்கே தனித் தலைப்பு இல்லை. நமக்கு இல்லாமல் முடியாது. மாதம் ஒன்றாம் தேதி கே.ஆர்.பி. அணை, கெலவரப்பள்ளி, வாணியாறு நீர்மட்டத்தை எழுதுங்கள். ஓர் அணைக்கு ஆண்டில் 12 எண். கூடவே உபரி நீர் திறந்த நாள். கே.ஆர்.பி.யின் முழு மட்டம் 52 அடி, கெலவரப்பள்ளி 44.28 அடி, மட்டத்தை எழுதும்போது பக்கத்தில் முழு மட்டத்தையும் போடாவிட்டால் வெளியூர் வாசகருக்கு '43 அடி' என்பது நிறைவா வறட்சியா என்று தெரியாது. ஒகேனக்கல் நீர்வரத்து மணிக்கு மணி மாறும். காலை இதழில் ஒரு எண், மாலை இதழில் ஒரு எண் என்றால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். மணி இல்லாத கனஅடிக் கணக்கைப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி விலையில் ஆண்டின் உச்சமும் அடிமட்டமும், தருமபுரி பட்டுக்கூடு அங்காடி ஏல விலையும் இதே பகுதியில் சேரலாம். விலைக்கு அலகு முக்கியம்: கிலோவா, பெட்டியா?

தண்ணீர் வேல்ஸுக்கும் வலி இல்லாத விஷயமல்ல. லிவர்பூல் நகருக்குக் குடிநீர் தர கப்பல் கெலின் என்ற ஊரை மூழ்கடித்து, ட்ரைவெரின் பள்ளத்தாக்கில் கட்டிய நீர்த்தேக்கத்தைத் திறந்தது 1965 அக்டோபர் 21. தருமபுரி மாவட்டம் பிறந்து பத்தொன்பது நாள் கழித்து. 'ட்ரைவெரினை மறவாதே' என்று எழுதிய ஒரு பழைய சுவரை 2019-இல் யாரோ சிதைக்க, நாடெங்கும் அதே வாசகத்தை மக்கள் சுவர்களில் எழுதத் தொடங்கினார்கள். இந்தப் பதிவை 1965 பக்கத்தில் மட்டும் வைத்தவருக்கு 2019 பக்கத்தில் அந்தச் சுவர் ஏன் வந்தது என்று புரியாது. பழைய ஆண்டைச் சுட்டும் பதிவுகளுக்கு அடைப்புக்குறிக்குள் அந்த ஆண்டைப் போடுங்கள்.

எதை விடுவது, எப்படிச் சரிபார்ப்பது

ஒரு மாவட்டத்துக்கு ஓர் ஆண்டில் 40 முதல் 60 பதிவு வந்தால் போதும். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நலத்திட்ட உதவி வழங்கல், பூமி பூஜை, திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டம் ஆகியவைதான் நிறைந்திருக்கும். திட்டம் அறிவித்த நாள், அடிக்கல், திறப்பு என்று ஒரே பாலம் மூன்று முறை செய்தியாகும். மக்கள் அதன்மேல் நடந்த நாளை மட்டும் எடுங்கள். கைவிட்ட திட்டம் என்றால் கைவிட்ட நாள்தான் பதிவு: நியூபோர்ட்டைச் சுற்றி எம்4 நெடுஞ்சாலைக்கு மாற்றுப் பாதை போடும் திட்டத்தை முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு 2019 ஜூன் 4 அன்று நிறுத்தினார். எதுவும் கட்டப்படவில்லை, ஆனாலும் அந்த ஆண்டின் பெரிய முடிவுகளில் அது ஒன்று.

ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு ஆதாரம். இரண்டு நாளிதழ்கள் ஒரே வாக்கியத்தை அச்சடித்திருந்தால் அது ஒரே செய்திக்குறிப்பிலிருந்து வந்தது. ஒரு ஆதாரமாகவே எண்ணுங்கள். நூலகத்தில் படம் எடுக்கும்போது முதலில் இதழின் தலைப்பையும் தேதியையும், பிறகு செய்தியை எடுங்கள். வரிசை மாறினால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எந்தச் செய்தி எந்த நாளுடையது என்று தெரியாது. பழைய இதழ்களை எல்லா நூலகமும் வைத்திருப்பதில்லை, ஆகவே நடப்பு ஆண்டை அந்த ஆண்டிலேயே தொடங்குவது நல்லது. வேல்ஸின் பழைய ஆண்டுகளை எழுதுவோருக்கு இந்தக் கவலை குறைவு: அபெரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகம் 1919 வரையிலான நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

இறப்புப் பகுதியில் இறந்த தேதியும் இறந்த இடமும் தனித்தனியே. நம் ஊர்ப் பெரியவர்கள் பலரும் பெங்களூரிலோ சேலத்திலோ மருத்துவமனையில் இறந்து ஊரில் அடக்கமாகிறார்கள். அடக்கம் நடந்த நாளையே நாளிதழ் பெரிதாகப் போடும். பொது வாழ்வில் இல்லாதவர்களின் சாவு, அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தாலும், பெயரில்லாமல் வரட்டும்.

பிறப்புப் பகுதியை 2019-க்குக் காலியாக விடுங்கள். அந்த ஆண்டு பிறந்தவர்கள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். தலைப்பை மட்டும் எழுதி, அடியில் அரைப்பக்கம் இடம் விட்டு வையுங்கள்.